எண்கள் இல்லாத புத்தகம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் உணவைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணச் சமையல், செட்டிநாட்டுச் சமையல், நீரிழிவுக்காரர் உண்ணத்தக்கவை, கந்தசஷ்டி விரத மகிமை, கேதாரகௌரி விரத முறை, உடல் மெலிய எளிய வழி என்று தட்டுத்தட்டாக அடுக்கியிருக்கும். போர் எங்கள் மனங்களுக்குச் செய்ததைச் சொல்லப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'மனவடு' இருக்கிறது. ஆனால் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கவளத்தையும் வாயில் வைக்க முடியாமல் நடுங்கும் பெண்ணுக்கோ, எல்லோரும் உறங்கிய பின் குசினியில் நின்று நிறுத்த முடியாமல் உண்டுவிட்டு விடியும்வரை தன்னை வெறுக்கும் இளைஞனுக்கோ, 'இது ஒரு வருத்தம், இதிலிருந்து வெளியே வரலாம்' என்று தமிழில் சொல்லும் நூல் ஒன்றை நான் அந்தத் தட்டுகளில் கண்டதில்லை.

ஆகவே இந்த நகரத்தில் இந்த நோய் வந்தவர்கள் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறோம். லண்டனிலிருந்து வரும் மச்சாள் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது, ஒருத்தி இன்னொருத்திக்குக் கைபேசியில் அனுப்புவது, பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடப்பது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தன. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் அப்போது எங்கள் வீடு. நோய் வந்ததும் அங்கேதான், மீளத் தொடங்கியதும் அங்கேதான். அந்த நாட்களில் என் தலையணைக்குக் கீழே கிடந்த நூல்களை நினைக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. மீண்டுகொண்டிருக்கும் ஒருவர் தன் நோயைப் பற்றிய நூலைத் திறக்கும்போது அதை வாசிப்பது யார்? அவரா, அவருடைய நோயா?

மார்யா ஹோர்ன்பாக்கர் என்ற அமெரிக்கப் பெண் தன் 23ஆவது வயதில், 1998இல், 'வேஸ்டட்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். சிறு பராயத்தில் தொடங்கி, உண்ணாமல் மெலியச் செய்யும் அனோரெக்சியாவுக்கும், அளவின்றி உண்டு வெளியேற்றச் செய்யும் புலிமியாவுக்கும் இடையில் அலைக்கழிந்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர் எழுதிய நூல். கூர்மையான மொழி, தன்னிரக்கம் இல்லாத பார்வை. இந்த நோயில் மயங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தான் அவர் எழுதினார். அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அப்படியிருந்தும் நோயில் இருந்தவர்கள் கையில் அது ஒரு வழிகாட்டி நூலாக மாறியது. என்ன உண்டார், எவ்வளவு உண்டார், தராசு என்ன காட்டியது, வீட்டாரிடம் எப்படி மறைத்தார் என்று அவர் வேதனையோடு பதிந்தவற்றை நோயுற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நலமுள்ள வாசகர் கண்கலங்கும் பக்கத்தில் நோயுற்ற வாசகருக்குப் பொறாமை வருகிறது. அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை? அவள் போன தூரம் நான் போகவில்லையே, அப்படியென்றால் எனக்கு வந்திருப்பது உண்மையான வருத்தம்தானா?

வெளியே நிற்பவர்களுக்கு இது கொடூரமாகத் தோன்றும். ஆனால் நோய் இயங்கும் விதமே இதுதான். அனோரெக்சியா ஒருவருடைய நாளை எண்களால் நிரப்புகிறது: காலையில் தராசு, பிறகு கோப்பையில் உள்ளதன் கணக்கு, இரவில் நடந்த தூரத்தின் கணக்கு. மூளைக்குப் போதிய உணவு போகாதபோது சிந்தனை இறுகுகிறது. ஒன்றைப் பிடித்தால் விட முடிவதில்லை. அப்படி இறுகிப்போன மனம் 300 பக்க நூலில் எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. அந்த எண்ணைச் சுற்றி ஆசிரியர் எழுதிய அச்சமும் அழுகையும் அதற்குள் இறங்குவதில்லை. இந்தக் கட்டுரையில் ஆண்டுகளைக் குறிப்பிடுகிறேன். யாருடைய எடையையும், யார் எவ்வளவு உண்டார் என்பதையும் குறிப்பிட மாட்டேன். இதை வாசிப்பவர்களில் இப்போது நோயில் இருக்கும் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த நோயைப் பற்றிப் பொது வாசகருக்கு முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஹில்டே ப்ரூக். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன உளமருத்துவர். அவருடைய 'த கோல்டன் கேஜ்' 1978இல் வந்தது. தொடக்க காலத்தில் அவரிடம் வந்த பெண்கள் ஒவ்வொருவரும் இந்தப் பாதையைத் தாங்களே கண்டுபிடித்தவர்களாக இருந்தார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்திருந்தார்கள். இந்த மாற்றத்தை அவரே கவனித்துச் சொன்னார். தான் எழுதியதும் அந்த ஓட்டத்தில் சேர்ந்துவிட்டது என்பதை அறிந்த ஒரு மருத்துவரின் கவலையாகவே அதை நான் படிக்கிறேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒருநாள் பின்னேரம் கட்டிலடியில் வந்து நின்றா.

"என்ன பிள்ளை வாசிக்கிறாய்?"

"இந்த வருத்தத்தைப் பற்றின புத்தகம் அம்மா."

"வாசிச்சால் சுகம் வருமெண்டு எழுதியிருக்கே?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. "அப்ப அதை வை. இடியப்பம் ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. இத்தனை காலம் கழித்தும், அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் அதுவே சரியான கேள்வி என்று நினைக்கிறேன்.

நோயுற்றவர் ஏன் இப்படி விடாமல் வாசிக்கிறார் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி பாதி விடை தருகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக அன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 1945இல் 24 கிழமைகள் அவர்களுக்கு அரைப்பட்டினி. எல்லோரும் தொடக்கத்தில் உடலும் மனமும் நலமாக இருந்தவர்கள். மெலிய வேண்டும் என்று ஒருவரும் விரும்பியதில்லை. கிழமைகள் போகப்போக அவர்கள் அரசியல் பேச்சை விட்டார்கள், நண்பர்களை விட்டார்கள், சிரிப்பை விட்டார்கள். பதிலாகச் சமையல் புத்தகங்களை வாசித்தார்கள். கனவிலும் உணவு வந்தது. உணவுக் குறிப்புகளைப் படியெடுத்துச் சேர்த்தார்கள். கோப்பையில் இருந்த கொஞ்சத்தை மணிக்கணக்காக வைத்து உண்டார்கள். கீஸும் அவருடைய குழுவினரும் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக இதையெல்லாம் வெளியிட்டார்கள்.

ஹோர்ன்பாக்கர் வளர்ந்ததும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மினியாபொலிஸ் நகரை ஒட்டித்தான். தற்செயல்தான், ஆனாலும் என் மனதில் இந்த இரண்டு நூல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஹோர்ன்பாக்கரை வாசித்தபோது நான் இன்னும் ஆழமாக நோய்க்குள் போனேன். கீஸின் ஆய்வைப் பற்றி அறிந்தபோதுதான் ஒரு விடுதலை வந்தது. உணவைப் பற்றியே ஓயாமல் வாசிக்கும் ஆசை என் குணத்தில் உள்ள வக்கிரம் என்று நம்பியிருந்தேன். அது பட்டினியின் அறிகுறி. அந்த ஆய்வில் இருந்த ஆண்களுக்கும் வந்தது. பசித்த உடல் வாய்வழியே கேட்க முடியாததைக் கண்வழியே கேட்கிறது. வயிற்றுக்கு உணவு போகத் தொடங்கியபோது அந்த வாசிப்பு வெறி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அடங்கியது.

எமிலி டிராஸ்சியாங்கோ என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெர்மன் இலக்கியம் படித்து, காஃப்காவைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். இளமையில் பல ஆண்டுகள் அனோரெக்சியாவில் இருந்தவரும்கூட. உண்ணல் கோளாறு பற்றிய கதைகள் நோயுற்றவர்களுக்கு என்ன செய்கின்றன என்பதை அவர் நேரடியாகக் கேட்டு ஆராய்ந்தார். பிரித்தானியாவில் இந்த நோயாளர்களுக்கு உதவும் 'பீட்' என்ற அமைப்போடு சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. 885 பேர் பதில் அளித்திருந்தார்கள். பெரும்பாலானோர் நோயை அனுபவித்தவர்கள். தங்கள் நோயைப் பற்றிய புனைவுகளை வாசித்தபோது மனநிலையும் தன்மதிப்பும் உடலைப் பற்றிய எண்ணமும் மோசமானதாகவே பெரும்பாலும் சொன்னார்கள். வேறு எதையாவது பற்றிய, தாங்கள் விரும்பி வாசிக்கும் கதைகள் நன்மை செய்ததாகச் சொன்னார்கள். நோயை வளர்த்துக்கொள்வதற்காகவே அத்தகைய நூல்களைத் தேடிப் போனதாக ஒப்புக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

தன் கதையைச் சொல்லும் நூல் ஆறுதல் தரும் என்பது வாசகர்களாகிய எங்களுக்குப் பழகிப்போன நம்பிக்கை. போரைப் பற்றியும் புலம்பெயர்வைப் பற்றியும் வாசிக்கும்போது அது உண்மையாகவும் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கும் நேர்ந்தது என்று அறிவது தாங்கும் பலம் தருகிறது. இந்த நோயில் அதே நெருக்கம் ஆபத்தாகிறது. கண்ணாடிக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்பதே நோயாக இருக்கும் ஒருவருக்கு இன்னொரு கண்ணாடியைக் கொடுப்பதுபோல.

காஃப்காவின் 'பட்டினிக் கலைஞன்' இதற்கு விலக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. 1922இல் வந்த கதை. கூண்டில் இருந்து பட்டினி கிடப்பதையே கலையாகக் காட்டும் ஒருவன், பார்ப்பதற்கு ஆளில்லாமல் போன பின்னும் பட்டினியை விடுவதில்லை. கடைசியில், தனக்குப் பிடித்த உணவு கிடைக்காததால்தான் உண்ணவில்லை, கிடைத்திருந்தால் எல்லோரையும்போல வயிறார உண்டிருப்பேன் என்று சொல்லிச் சாகிறான். 1924இல் காஃப்கா தொண்டைக்குப் பரவிய காசநோயால் உண்ண முடியாமல் கிடந்தபோது இந்தக் கதை அடங்கிய தொகுப்பின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் நோய் திருடிக்கொண்டு போகக்கூடிய எதுவுமில்லை. பட்டினியின் பெருமை அந்தக் கடைசிப் பேச்சில் உடைந்துபோகிறது. மீண்டுகொண்டிருந்த காலத்தில் எனக்கு உதவிய மிகச் சில நூல்களில் அது ஒன்று.

இதுவரை சொன்னது ஓர் ஆள் வாசிப்பதைப் பற்றி. ஒரு சமூகமே ஒரு நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஹொங்கொங் உதாரணம் இருக்கிறது. அங்கே உளமருத்துவர் சிங் லீ 1990களின் தொடக்கத்தில் கண்ட அனோரெக்சியா நோயாளிகள் பலர் கொழுத்துவிடுவோம் என்று அஞ்சவில்லை. வயிறு ஊதுகிறது, பசிக்கவில்லை, உணவு இறங்கவில்லை என்றே சொன்னார்கள். 1994இல் ஒரு பள்ளி மாணவி இந்த நோயால் நகரின் நடுத்தெருவில் விழுந்து இறந்தாள். பத்திரிகைகள் மேலைநாட்டு நூல்களைப் புரட்டி, இது மெலிய விரும்பும் இளம்பெண்களின் நோய் என்று விளக்கின. அடுத்த ஆண்டுகளில் நோயாளிகளின் தொகை கூடியது. கொழுப்பைப் பற்றிய அச்சத்தைச் சொல்லி வருபவர்களும் பெருகினார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். துன்பப்படும் மனம் தன் துன்பத்தைச் சொல்ல ஒரு வடிவத்தைத் தேடுகிறது. எந்த வடிவம் கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது.

எங்களிடம் இந்த நோய்க்கு எந்த வடிவம் இருந்தது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுவர், இளையோரிடையே கண்ட உண்ணல் கோளாறுகளைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், மனக்காரணத்தால் வரும் வாந்திதான் மிகுதியாக இருந்தது. இலங்கையிலும் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் மற்றவர்களும் இளம்பருவத்தினரிடையே அனோரெக்சியா இருப்பதை 2002இலேயே மருத்துவ இதழொன்றில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இது எங்களுக்கு வராத வெள்ளைக்காரர் வருத்தம் என்ற பேச்சுக்கு இடமில்லை. வருகிறது. வேறு பெயரில் வருகிறது.

வெள்ளவத்தையில் அதன் பெயர் பெரும்பாலும் கேஸ்ட்ரிக். "பிள்ளைக்குக் கேஸ்ட்ரிக், ஒண்டும் இறங்காது." அடுத்த பெயர் சோதனைப் பதற்றம்: உயர்தரப் பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும். இன்னொரு பெயர் விரதம். வெள்ளிக்கிழமை விரதம், சதுர்த்தி, கந்தசஷ்டியில் ஆறு நாள், கேதாரகௌரியில் 21 நாள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம். விரதம் பிடிக்கும் பெரும்பாலானோர் பாறணைக்குப் பிறகு மகிழ்ச்சியோடு உண்கிறார்கள். நோயுள்ள பெண்ணுக்குப் பாறணைதான் பயங்கரம். அவள் விரதத்தை நீட்டுகிறாள், வீட்டார் பக்தியென்று பூரிக்கிறார்கள். புனித லூசியா பேராலயத்துக்குப் போகிற பிள்ளைக்கும் பொன்னம்பலவாணேசுவரத்துக்குப் போகிற பிள்ளைக்கும் இந்த மறைப்பு ஒன்றுபோலவே கிடைக்கிறது. அதற்கு மேல் ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள். கலியாண மண்டபத்தில் கண்டவுடன் முதல் சொல்: "என்ன, உடம்பு போட்டிட்டாய்!" அல்லது, "மெலிஞ்சு வடிவாய் வந்திட்டாய், என்ன செய்தனி?" நோய் முற்றியிருந்த காலத்தில்தான் எனக்கு இந்த இரண்டாவது சொல் அதிகம் கிடைத்தது. ஆங்கில நூல்கள் எதிலும் இந்த மண்டபம் இல்லை, மாமியும் இல்லை, பாறணையும் இல்லை. அவற்றை வாசித்து, அவற்றில் இருப்பதுபோல என் நோய் இல்லாததால், எனக்கு நோயே இல்லை என்று நீண்ட காலம் நினைத்திருந்தேன்.

உண்ணாதிருத்தலுக்கு எங்கள் மரபில் பெரிய மரியாதை உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையார் வந்து பக்கத்தில் இருந்தார். தன் தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறோம். 1987 செப்டெம்பரில் நல்லூரில் தண்ணீரும் மறுத்து உயிர்விட்ட திலீபனை என் தலைமுறை மறக்கவில்லை. இவற்றை நோயென்று சொல்ல எனக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. ஐரோப்பாவில் சியன்னாவின் புனித கத்தரீனா போன்றவர்களின் உபவாசத்தை வரலாற்றாசிரியர் ருடால்ஃப் பெல் 1985இல் 'புனித அனோரெக்சியா' என்று எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு வரலாற்றாசிரியரான கரோலைன் பைனம், அந்தப் பெண்களின் வாழ்வில் உணவும் உபவாசமும் கொண்டிருந்த சமயப் பொருளை விட்டுவிட்டு இன்றைய நோயை அவர்கள் மேல் ஏற்றக்கூடாது என்று காட்டினார். நான் பைனத்தின் பக்கம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டினியைப் போற்றும் சொற்கள் எங்களிடம் நிறைய இருப்பதால், பட்டினியில் சிக்கிக்கொண்டவளும் அந்தச் சொற்களை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். அவளை அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது.

அதே மரபில் இன்னொரு கதையும் இருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை. நாவல் கனியொன்றைக் காலால் சிதைத்ததற்காக விருச்சிக முனிவர் சபிக்க, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பெரும்பசி நோயில் கிடந்தவள். எவ்வளவு உண்டாலும் அடங்காது. சீத்தலைச் சாத்தனார் அவளைப் பேராசைக்காரி என்று எங்கும் இகழவில்லை. உணவால் வந்த துன்பத்தை நோயாகவே வைத்துப் பேசுகிறார். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மணிபல்லவத்திலிருந்து அமுதசுரபியோடு வந்த மணிமேகலைக்கு, முதல் பிச்சையை ஆதிரையின் கையால் வாங்கு என்று வழி சொல்பவளே காயசண்டிகைதான். நோயுற்றவளுக்கு ஊரில் நல்ல மனுசி யாரென்று தெரிந்திருக்கிறது. பிறகு அந்தப் பாத்திரத்து உணவாலேயே அவள் பசி தீர்கிறது. மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. நோயும் இருக்கிறது, இகழ்ச்சி இல்லை, கணக்கு இல்லை, கடைசியில் உண்கிறாள். இந்த நோயைப் பற்றி எழுத நினைக்கும் தமிழருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தெரியவில்லை.

2022ஐயும் சொல்ல வேண்டும். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வீதியோரம் வரிசையில் நின்ற ஆண்டு. அந்த ஆண்டு நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவு உறுதியில்லை என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் எங்களோடு வாழ்கிறார்கள். இப்படியொரு நாட்டில், முன்னால் இருக்கும் சோற்றை உண்ண முடியவில்லை என்று சொல்ல வாய் வராது. சொன்னால் திமிர் என்பார்கள். அந்த வெட்கம் நோயாளியை இன்னும் உள்ளே தள்ளுகிறது. வெட்கத்தால் யாரும் உண்டு தேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. பஞ்சத்தில் மெலிந்த உடலுக்கும் இந்த நோயில் மெலிந்த உடலுக்கும் இதயம் ஒரே விதமாகத்தான் களைக்கிறது.

அப்படியானால் எதை வாசிப்பது? உளமருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1995இல் எழுதிய, கட்டுக்கடங்காமல் உண்ணும் நோயிலிருந்து மீள்வதற்கான நூல் போன்றவை உண்டு. கதை இல்லை. ஒழுங்கான நேரத்துக்கு உண்ணுங்கள், உண்டதையும் அப்போதைய மனநிலையையும் உடனே எழுதுங்கள், அடுத்த கிழமை என்ன செய்வதென்று பாருங்கள் என்று படிப்படியாகப் போகிறது. ஒரு துணையாளரின் மேற்பார்வையோடு இப்படியான நூலைப் பின்பற்றுவதைப் புலிமியாவுக்கும் கட்டுக்கடங்காமல் உண்ணும் நோய்க்கும் வளர்ந்தோருக்கான முதற்படியாகப் பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. அனோரெக்சியாவுக்குப் புத்தகம் மட்டும் போதாது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மீண்டும் உண்ணத் தொடங்குவதே உடலுக்கு ஆபத்தாகலாம். வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சி நூல்கள் சலிப்பூட்டுபவை. அவற்றின் சலிப்பை நான் மதிக்கிறேன். நோய்க்கு அவற்றில் சுவைக்க ஒன்றுமில்லை.

மற்றது, நோயே இல்லாத நூல்கள். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' பிற்காலத்தில் எங்கள் கொழும்பு 13இலேயே, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அயல்வீட்டு மாஸ்டர் பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகத் தந்தார். அ. முத்துலிங்கத்தின் கதைத் தொகுதிகளும் அவரிடம்தான் இரவல். அந்தக் கதைகளில் மனிதர்கள் சண்டை பிடிக்கிறார்கள், கடன் படுகிறார்கள், ஊர் விட்டு ஊர் போகிறார்கள், இடையில் பசித்தால் உண்கிறார்கள். உணவு ஒரு வசனத்தில் வந்து அடுத்த வசனத்தில் போய்விடுகிறது. நோய் மறந்துபோகச் செய்த வாழ்க்கை அதுதான். தன்னைத் தவிர வேறு யாரைப் பற்றியாவது இரண்டு மணி நேரம் கவலைப்பட முடிந்தது எனக்கு அன்றைக்குப் பெரிய மருந்து.

இனி என் வேண்டுகோள். இந்த நோயிலிருந்து வெளியே வந்த தமிழர்கள் இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும். நீங்கள் எழுத வேண்டும். கலியாண மண்டபத்தையும் விரதத்தையும் கேஸ்ட்ரிக்கையும் அம்மாவின் கெஞ்சலையும் தெரிந்தவர் எழுதும் ஒரு தமிழ் நூல் வந்தால், கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் அதைத் தானே வாசித்துத் தன் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று அறிந்துகொள்வாள். உங்கள் எடையை எழுதாதீர்கள். எவ்வளவு குறைவாக உண்டீர்கள், எப்படி ஏமாற்றினீர்கள் என்று எழுதாதீர்கள். எது உங்களைத் தூக்கிவிட்டது, எந்தச் சொல் உதவியது, எந்த நாளில் பயமில்லாமல் உண்டீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். 1942இல் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையில் நூல் வெளியீடுகளுக்கு மேடை தரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்கள் இதற்கும் ஒரு மாலைப்பொழுதைத் தர வேண்டும். பதிப்பாளர்கள் அமெரிக்கத் தன்வரலாறுகளை மொழிபெயர்க்க அவசரப்பட வேண்டாம். பயிற்சி நூல்களை முதலில் கொண்டுவாருங்கள்.

இப்போது நோயில் இருந்துகொண்டு இதை வாசிப்பவருக்கு: கையில் உள்ள நூலை மூடியதும் முன்னைவிடக் குறைவாக உண்ணத் தோன்றினால் அது உங்களுக்கான நூல் இல்லை, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926. இரவிலும் எடுப்பார்கள்.